கட்டைவிரலுக்குத் தெரிந்தது

1984 ஜனவரியில் ஆப்பிள் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மெக்கின்டாஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகள் கிடையாது. மறதியால் விட்டுப்போனதல்ல, தெரிந்தே விட்டது. எழுத்துக்கு நடுவில் கர்சரை நகர்த்த வேண்டுமென்றால் மவுஸைத் தொட்டே ஆகவேண்டும். கன்ட்ரோல் விசையும் இல்லை, எஃப் 1, எஃப் 2 என்று மேலே ஓடும் வரிசையும் இல்லை. ஸ்டீவ் ஜாப்ஸின் கணக்கு எளியது. அம்பு விசைகளைக் கொடுத்தால் மென்பொருள் எழுதுகிறவர்கள் பழைய கணினிகளுக்கு எழுதியதை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். வழியை அடைத்தால்தான் மவுஸ் பக்கம் வருவார்கள். அடைத்த வழி இரண்டு வருடத்தில் திறந்துகொண்டது. 1986-இல் வந்த மெக்கின்டாஷ் ப்ளஸின் விசைப்பலகையில் நான்கு அம்புகளும் இருந்தன.

மவுஸுக்காகவே பிறந்த அந்தப் பெட்டியின் வாரிசான இன்றைய மேக்கை, மவுஸைத் தொடாமலே நாள் முழுக்க ஓட்டப் பார்க்கும் கூட்டம் ஒன்று இன்று உண்டு. நானும் அதில் ஒருவன். கேப்ஸ் லாக்கை வேறொன்றாக மாற்றி, விண்டோக்களை விசையால் நகர்த்தி, டாக்கை ஒளித்துவைத்து, யாராவது என் கணினியைக் கடன் கேட்டால் சங்கடப்படுகிறவன். இதனால் வேலை வேகமாக நடக்கிறதா என்று கேட்டால் முன்பெல்லாம் உடனே ஆமாம் என்பேன். இப்போது கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறேன். காரணம், இந்தக் கேள்விக்குக் கடிகாரம் வைத்தே விடை தேடியிருக்கிறார்கள். விடை நான் நினைத்த மாதிரி இல்லை.

முதல் கடிகாரம் 1980-இல் வந்தது. ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற மூவர், கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போட்டார்கள். ஓரளவு பழகியவர் ஒரு விசையைத் தட்ட 0.28 நொடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி. விசைப்பலகையிலிருந்து மவுஸுக்கோ அங்கிருந்து திரும்பியோ கை போக 0.4 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஒரு கணம் தயாராக 1.35 நொடி. பட்டியலில் மிக விலை உயர்ந்த சரக்கு எது என்று கவனியுங்கள். கையின் அசைவு எதுவும் இல்லை, யோசனைதான்.

இந்த விலைப்பட்டியலை வைத்து ஒரு மெனு வேலையைக் கணக்குப் போடலாம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அதை நகலெடுக்க வேண்டும். கை மவுஸுக்குப் போக 0.4, எடிட் மெனுவைச் சுட்ட 1.1, க்ளிக்குக்கு 0.2, காப்பி என்ற வரியைச் சுட்ட 1.1, மறுபடி க்ளிக்குக்கு 0.2, கை வீடு திரும்ப 0.4. மொத்தம் 3.4 நொடி. விசையில் என்றால் கமாண்டும் சி-யும், இரண்டு தட்டு, 0.56 நொடி. வித்தியாசம் 2.84 நொடி. ஒரு நாளில் இதுபோல 200 முறை செய்கிறவருக்கு ஒன்பதரை நிமிடம் மிச்சம். ஒரு தேநீர் குடித்து வரலாம். வாழ்க்கை மாறிவிடாது.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அந்த 0.56 நொடி, ஷார்ட்கட் விரலில் இருப்பவருக்கு மட்டும்தான். "இதற்கு ஷிஃப்டா, ஆப்ஷனா?" என்று ஒரு முறை யோசித்தால் 1.35 ஏறுகிறது. அது ஆப்ஷன்தானா என்று இன்னொரு முறை தயங்கினால் மொத்தம் 3.26. மவுஸுக்கும் இதற்கும் வித்தியாசம் கண் இமைக்கும் நேரம்தான்.

1989-இல் இந்த ஓட்டையில்தான் புரூஸ் டோக்னாசினி விரலை வைத்தார். ஆப்பிளின் பயனர் இடைமுக வடிவமைப்பை வகுத்தவர்களில் ஒருவர் அவர். ஐந்து கோடி டாலர் செலவழித்துச் செய்த ஆராய்ச்சியில் தெரியவந்தது என்று அவர் எழுதியது இது: சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் விசைப்பலகைதான் வேகம் என்கிறார்கள், கடிகாரமோ மவுஸ்தான் வேகம் என்கிறது. எந்த விசை என்று முடிவெடுக்க இரண்டு நொடி போகிறது, அந்த இரண்டு நொடி மனத்தில் பதிவதே இல்லை என்பது அவர் தந்த விளக்கம். மவுஸை நகர்த்துவது சலிப்பான வேலை, அதனால் நீளமாகத் தெரிகிறது. விசையை நினைவுகூர்வது மூளைக்கு ஈடுபாடான வேலை, அதனால் நேரம் போனது தெரிவதில்லை.

இதைப் படித்து விசைப்பலகைக் கூட்டம் கொதித்தது. இன்றுவரை கொதிக்கிறது. என் எண்ணத்தில் இரண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை. டோக்னாசினியின் கடிகாரம் யோசிக்கிறவரை அளந்தது. யோசிக்காமல் தட்டுகிறவருக்கு அந்த இரண்டு நொடி கிடையாது. ஆகவே, கணினியை விசைக்கு ஏற்றபடி மாற்றி அமைப்பவர் கேட்க வேண்டியது "எத்தனை ஷார்ட்கட் வைத்திருக்கிறேன்" என்பதல்ல. அவற்றில் எத்தனை யோசிக்காமல் வருகின்றன?

யோசிக்காமல் வருவது என்றால் என்ன என்பதற்கு நம் ஊரில் பழைய சாட்சி ஒன்று உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களைக் கேளுங்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று மாதக்கணக்கில் ஒரே வரியைத் தட்டியிருப்பார்கள். கை பழகிய பிறகு, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. 2014-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல் தட்டக்கூடிய நூறு பேரிடம் வெறும் கட்டங்களாக வரைந்த விசைப்பலகையைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். கொடுத்த நேரம் 80 நொடி. சரியாக நிரப்பியவை சராசரியாக 15 எழுத்துகள். 26-இல் 15 மட்டும். அந்தக் கைகளோ தட்டும்போது 94 விழுக்காடு பிழையில்லாமல் தட்டுகின்றன.

அறிவு விரலில் இறங்கிவிட்டது, வாயால் சொல்லத் தெரிய வேண்டிய அவசியம் போய்விட்டது. இது இறங்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒரே காரியத்துக்கு எப்போதும் ஒரே அசைவு, அதுவும் நிறைய முறை. இடம் மாறிக்கொண்டே இருப்பது விரலில் இறங்காது. மாதம் ஒரு முறை வருவதும் இறங்காது. மேக்கை மாற்றி அமைப்பது குறித்து நான் சொல்லக்கூடியதெல்லாம் இந்த இரண்டு நிபந்தனைகளிலிருந்து வருபவைதான்.

கட்டைவிரலிலிருந்து தொடங்குவோம். மேக் விசைப்பலகையில் ஸ்பேஸ் பாருக்கு இரண்டு பக்கமும் கமாண்ட் விசை. அதில் நாலு மூலையிலும் சுழித்த சதுரம் ஒன்று பொறித்திருக்கும். முதலில் அங்கே ஆப்பிள் சின்னமே இருந்தது. மெனுவில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஆப்பிளாகத் தொங்குவதைப் பார்த்த ஜாப்ஸ், சின்னத்தை இப்படி மலினப்படுத்தக் கூடாது என்றார். ஓவியர் சூசன் கேர் குறியீடுகளின் அகராதி ஒன்றைப் புரட்டி இதைக் கண்டெடுத்தார். ஸ்வீடனில் பார்க்கத் தகுந்த இடம் என்பதற்கான அடையாளம் அது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வாசலில் போடும் சிக்குக்கோலத்தின் மூலைச் சுழிதான் நினைவுக்கு வரும். நடுவில் ஒரு புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்று தோன்றும்.

சின்னத்தைவிட முக்கியம் அது இருக்கும் இடம். பெரும்பாலான பிற கணினிகளில் காப்பி, பேஸ்ட் எல்லாம் கன்ட்ரோல் விசையில். அதாவது பலகையின் ஓரத்தில் சுண்டுவிரல் மடங்கி எட்டுகிற இடத்தில். மேக்கில் அந்தச் சுமை கட்டைவிரலுக்கு. கையில் வலுவான விரல் அது, ஸ்பேஸைத் தட்டும் நேரம் தவிர சும்மாவே இருக்கிறது. வேலையை அதன் தலையில் கட்டியது நல்ல முடிவு.

இன்னொரு லாபம் தற்செயலாக வந்தது. பின்னாளில் மேக் பலகையில் சேர்ந்த கன்ட்ரோல் விசைக்கு வேலையே இல்லாமல் போனதால் அது தன் பழைய குணத்தோடு அப்படியே இருக்கிறது. 1963-இல் வகுத்த ஆஸ்கி குறியீட்டில், கன்ட்ரோலோடு ஓர் எழுத்தைத் தட்டினால் அகரவரிசையில் அந்த எழுத்தின் எண் போகும். சி மூன்றாவது எழுத்து. மூன்று என்றால் உரை முடிந்தது என்று பொருள். டெர்மினலில் ஓடும் நிரலை நிறுத்த இன்றும் கன்ட்ரோல் சி-தான். ஹெச் எட்டாவது எழுத்து. எட்டு என்றால் ஓர் எழுத்து பின்னால் போ. மேக்கின் நோட்ஸ் செயலியில் கன்ட்ரோல் ஹெச் தட்டிப் பாருங்கள், கர்சருக்கு முன்னால் உள்ள எழுத்து அழியும். தந்தி அலுவலகத்து டெலிடைப் எந்திரத்தின் மூச்சு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. மேக்கில் டெர்மினலில் வேலை செய்கிறவர்கள் காப்பிக்கும் நிறுத்தத்துக்கும் குழம்புவதில்லை. ஒன்று கமாண்ட், ஒன்று கன்ட்ரோல்.

கன்ட்ரோலில் இன்னும் சில ஒளிந்திருக்கின்றன. ஏ தட்டினால் பத்தியின் தொடக்கம், ஈ தட்டினால் முடிவு, கே தட்டினால் கர்சரிலிருந்து முடிவுவரை வெட்டு, வொய் தட்டினால் வெட்டியதைப் போடு. இவை 1976-இல் எம்ஐடியில் பிறந்த ஈமேக்ஸ் என்ற எழுத்துத்தொகுப்பியின் விசைகள். ஆப்பிளை விட்டு வெளியேறிய ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் மென்பொருளில் இவை சேர்ந்தன. 1996 டிசம்பரில் அந்த நிறுவனத்தை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது, அந்த மென்பொருள்தான் 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் ஆகி வந்தது. அம்பு விசையைக்கூடத் தர மறுத்தவரின் வண்டியிலேயே, மவுஸைச் சீண்டாத ஈமேக்ஸ்காரர்களின் விசைகள் மேக்குக்குள் வந்து இறங்கின. அஞ்சல், குறிப்பு, பிரவுசரின் முகவரிப் பட்டை என்று பெரும்பாலான இடங்களில் வேலை செய்கின்றன. எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம். கன்ட்ரோல் கே வெட்டியது க்ளிப்போர்டுக்குப் போகாது, தனியாக ஒரு பையில் விழும். கமாண்ட் சி ஒரு பை, கன்ட்ரோல் கே இன்னொரு பை. கட்டுரை திருத்துகிறவருக்கு இரண்டு பை என்பது பெரிய வசதி.

ஆனால் கன்ட்ரோல் விசை மூலையில் கிடக்கிறதே? இங்கேதான் கேப்ஸ் லாக் வருகிறது. பழைய தட்டச்சுப்பொறியில் ஷிஃப்ட் என்றால் உண்மையாகவே எந்திரத்தின் ஒரு பகுதியை மேலேயோ கீழேயோ நகர்த்தும். சுண்டுவிரல் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டே தலைப்பு முழுவதையும் தட்ட முடியாது, அதனால் பூட்டு வைத்தார்கள். கணினியில் கனமும் இல்லை, நகர்த்த வேண்டிய பகுதியும் இல்லை. பூட்டு மட்டும் ஏ எழுத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகராமலே எட்டும் மிக நல்ல இடத்தில், மிகப் பெரிய விசையாக உட்கார்ந்திருக்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அந்த இடம் கன்ட்ரோலுடையது. 1980-களின் நடுவில் 101 விசைப் பலகை வந்தபோதுதான் கேப்ஸ் லாக் அங்கே குடியேறியது. பேருந்தில் ஜன்னல் சீட்டில் துண்டு போட்டுவிட்டு ஊருக்கே வராத ஆள் மாதிரி.

அந்தத் துண்டை எடுத்துவிடுவது சுலபம். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதில் மாடிஃபையர் கீஸ். கேப்ஸ் லாக் என்பதற்கு எதிரே கன்ட்ரோல் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஒரு மாற்றம் மட்டும்தான் செய்வேன் என்கிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். முதல் வாரம் கை தடுமாறும், இரண்டாம் வாரம் தடுமாற்றம் நின்றுவிடும்.

அடுத்தது செயலிகளுக்கு இடையே தாவுவது. கமாண்ட் டேப் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு தொந்தரவு, வரிசை மாறிக்கொண்டே இருக்கும். கடைசியாகப் பயன்படுத்தியது முன்னால் வந்து நிற்கும். இரண்டு செயலிகளுக்குள் மாறி மாறிப் போக ஒரே ஒரு தட்டுதான், அது விரலில் இறங்கிவிடும். மூன்றாவது, நான்காவது செயலி என்றால் பட்டியலை நிறுத்திப் பார்க்க வேண்டும், எண்ண வேண்டும். அங்கே 1.35 நொடி உட்கார்ந்துவிட்டது. ஒரே காரியத்துக்கு இன்று இரண்டு தட்டு, நாளை நாலு தட்டு என்றால் விரல் என்ன செய்யும்?

டெஸ்க்டாப்களிலும் இதே கதை. மேக்கில் பல டெஸ்க்டாப்களை வைத்துக்கொள்ளலாம், கன்ட்ரோலும் அம்பும் தட்டி நகரலாம். ஆனால் அண்மையில் பயன்படுத்திய வரிசைப்படி அவற்றைத் தானாக அடுக்கும் ஓர் அமைப்பு பிறவியிலேயே செயலில் இருக்கும். வீட்டு வேலைக்கு வந்த ஆள் தினமும் அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த கிண்ணத்தில் சீரகத்தை மாற்றிவைப்பதுபோல. டெஸ்க்டாப் அண்ட் டாக் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள். பிறகு ஷார்ட்கட் பட்டியலில் மிஷன் கன்ட்ரோல் பகுதிக்குப் போய், கன்ட்ரோல் 1 என்றால் முதல் டெஸ்க்டாப், கன்ட்ரோல் 2 என்றால் இரண்டாவது என்று செயல்படுத்துங்கள். ஒன்றில் எழுத்து, இரண்டில் பிரவுசர், மூன்றில் அஞ்சல் என்று நிரந்தரமாக வைத்துவிட்டால், அஞ்சல் எங்கே என்ற கேள்வியே எழாது. திரை நகர்ந்து போகும் அந்த அசைவு எரிச்சலூட்டினால் ஆக்ஸஸிபிலிட்டி பகுதியில் ரெடியூஸ் மோஷன் இருக்கிறது.

இன்னும் ஒரு படி போகிறவர்கள் செயலிக்கு ஒரு எழுத்து என்று கொடுத்துவிடுவார்கள். அதற்கு எந்தச் செயலியும் பயன்படுத்தாத விசைக்கூட்டு வேண்டும். 1970-களின் இறுதியில் எம்ஐடியில் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கான எந்திரங்களுக்கு டாம் நைட் வடிவமைத்த ஸ்பேஸ் கெடட் என்ற விசைப்பலகையில் துணைவிசைகள் மட்டுமே ஏழு வகை. அவற்றில் ஒன்றின் பெயர் ஹைப்பர். அந்தப் பெயரை இன்றைய மேக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். கரபினர் எலிமென்ட்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேப்ஸ் லாக்கை அழுத்தினால் கமாண்ட், கன்ட்ரோல், ஆப்ஷன், ஷிஃப்ட் நான்கையும் சேர்த்து அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும்படி செய்வார்கள். நாலு விசையையும் சேர்த்து அழுத்த மனிதக் கை விரும்பாது என்பதால் எந்தச் செயலியும் அதை உரிமை கொண்டாடியிருக்காது. அந்தக் காலி மனையில் உங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். எனக்கு இது ஒத்துவரவில்லை. கேப்ஸ் லாக் எனக்கு ஏற்கெனவே கன்ட்ரோல். டெஸ்க்டாப் எண்களே போதும் என்று நின்றுவிட்டேன்.

அடிக்கடி திறக்காத செயலிகளுக்குக் கமாண்ட் ஸ்பேஸ் தட்டினால் வரும் ஸ்பாட்லைட் என்ற தேடல் கட்டம் இருக்கிறது. 2005-இல் டைகர் பதிப்போடு வந்தது. இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு விசைதான். மீதி பெயரின் முதல் எழுத்துகள். ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் போன்ற செயலிகள் இதே வித்தையை வளர்த்தெடுத்தவை. விண்டோவைப் பாதித் திரைக்கு ஒதுக்குவதற்கு முன்பெல்லாம் ரெக்டாங்கிள் போன்ற துணை மென்பொருள் வேண்டும். 2024-இல் வந்த செகோயா பதிப்பிலிருந்து எஃப்என்னும் கன்ட்ரோலும் பிடித்து இடது, வலது அம்பைத் தட்டினால் மேக்கே செய்துவிடுகிறது.

யாரும் கண்டுகொள்ளாத ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். மேக்கில் எந்தச் செயலியின் எந்த மெனு வரிக்கும் நீங்களே ஒரு விசையைக் கொடுக்கலாம். கீபோர்டு ஷார்ட்கட்ஸில் ஆப் ஷார்ட்கட்ஸ் என்ற பகுதி. மெனுவில் உள்ள சொற்களை எழுத்து பிசகாமல் தட்டி, வேண்டிய விசையைத் தட்டினால் போதும். எழுதுகிறவர்களுக்கு இதில் உடனே பயன்படுவது பேஸ்ட் அண்ட் மேட்ச் ஸ்டைல். வேறிடத்திலிருந்து எடுத்த பத்தியை ஒட்டும்போது அதன் எழுத்துருவும் நிறமும் கூடவே வந்து நம் பக்கத்தை அலங்கோலமாக்கும் அல்லவா, அதைத் தவிர்த்து ஒட்டுவது. மேக் அதற்குக் கொடுத்திருப்பது கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட், வி என்று நாலு விசை. நூற்றுக்குத் தொண்ணூறு முறை எனக்கு வேண்டியது இதுதான் என்பதால் வெறும் கமாண்ட் வி-யை இதற்குக் கொடுத்துவிட்டேன்.

மெனு வரியின் பெயர் தெரியும், எந்த மெனுவில் என்று தெரியாது என்றால், கமாண்டும் ஷிஃப்டும் பிடித்துச் சாய்கோட்டு விசையைத் தட்டுங்கள். ஹெல்ப் மெனு திறந்து தேடல் கட்டம் வரும். பெயரில் நாலு எழுத்து தட்டினால், எந்த மெனுவில் எந்த வரி என்று ஓர் அம்பு வந்து ஆடிக்கொண்டே காட்டும். மாதம் ஒரு முறை செய்யும் வேலைக்கு ஷார்ட்கட் மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. மேக்கில் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைமுறைகளும் உள்ளேயே வருகின்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ் 99, உயிரெழுத்துகளை இடது கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலது கைக்கும் பிரித்துக் கொடுக்கிறது. க, ப, ம, த, ந, ய ஆறும் வலது கை விரல்கள் ஓய்வாக இருக்கும் வரிசையிலேயே. விரலுக்கு நல்லது. ஆனால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற வேண்டும், அதற்கு மேக் தரும் விசை கன்ட்ரோல் ஸ்பேஸ். இது ஒரு மாற்றுப்பொத்தான்: தட்டினால் இந்தப் பக்கம், மறுபடி தட்டினால் அந்தப் பக்கம். இப்போது எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்தால்தான் தட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். மேலே மூலையில் உள்ள சின்னத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தால் ஒரு வரி முழுக்க உளறல்.

இந்த வகைப் பிழைக்கு எதிராக வாழ்நாள் முழுதும் போராடியவர் லாரி டெஸ்லர். ஒரே விசை, கணினி இருக்கும் நிலையைப் பொறுத்து வெவ்வேறாக நடந்துகொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. காரின் நம்பர் பலகையிலேயே அதைப் பொறித்து வைத்திருந்தார். ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் டிம் மாட்டுடன் சேர்ந்து கட், காப்பி, பேஸ்டை உருவாக்கியவரும் அவர்தான்.

டெஸ்லரின் கொள்கைப்படி இதற்குத் தீர்வு ஜப்பானியர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஜப்பானுக்காக ஆப்பிள் செய்யும் விசைப்பலகையில் ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்கம் ஒரு விசை, வலப்பக்கம் ஒரு விசை. இடது ஆங்கில எழுத்து, வலது ஜப்பானிய எழுத்து. எத்தனை முறை தட்டினாலும் இடது என்றால் ஆங்கிலம்தான். இப்போது எங்கே இருக்கிறோம் என்ற கேள்வியே கிடையாது. நம் பலகையில் அந்த விசைகள் இல்லை; ஆனால் மேலே சொன்ன கரபினரில் (அதை எழுதியவரும் ஜப்பானியர்தான்) இடது கமாண்டைத் தனியாகத் தட்டிவிட்டால் ஆங்கிலம், வலது கமாண்டைத் தனியாகத் தட்டிவிட்டால் தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு விசையோடு சேர்த்து அழுத்தினால் அது வழக்கமான கமாண்ட்தான். என் மேக்கில் நான் செய்த மாற்றங்களில் கேப்ஸ் லாக்குக்கு அடுத்தபடி நிலைத்து நின்றது இது. வாக்கியத்தைத் தொடங்குமுன் கட்டைவிரல் தானாக ஒரு தட்டு தட்டிக்கொள்கிறது, பூஜைக்கு முன் மணி அடிப்பதுபோல.

நிலைக்காதவையும் உண்டு. ஒரு கட்டத்தில் அறுபது ஷார்ட்கட்வரை வைத்திருந்தேன். ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். தாளைப் பார்த்துத் தட்டினால் அது ஷார்ட்கட்டா? கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்ற ஒன்று, திரையின் வெளிச்சத்தைக் கால்வாசி குறைக்க ஒன்று. பெரும்பாலானவற்றை வாரம் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. ஒரு நாள் தாள் கீழே விழுந்தது. மறுபடி ஒட்டவில்லை. ஒரு மாதம் கழித்து, கை தானாகச் செய்தவற்றை எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நகலெடுப்பதற்குக்கூட இருபது வருடமாக மெனுவுக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சோம்பல் அல்ல அது. 1987-இல் ஜான் கேரலும் மேரி பெத் ராசனும் இதை ஒரு முரண்பாடாக எழுதினார்கள்: கையில் வேலை இருப்பவருக்கு வேலை முடிவதுதான் குறி, கருவியைக் கற்க அரை மணி ஒதுக்கினால் பின்னால் லாபம் என்று தெரிந்தாலும் ஒதுக்கமாட்டார். கடை திறந்திருக்கும்போது தராசைப் பழுதுபார்க்க யார் உட்காருவார்கள்?

மவுஸை முற்றிலும் துறக்கச் சொல்லும் சாமியார்களோடு எனக்கு உடன்பாடில்லை. படத்தை வெட்ட, வரைபடத்தை நகர்த்த, பத்து கோப்பில் மூன்றைப் பொறுக்க மவுஸுக்கு இணை இல்லை. 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் கண்ட விதிப்படி, சுட்ட வேண்டிய இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் நேரம் குறையும். மேக்கின் மெனுப் பட்டை திரையின் மேல் விளிம்பில் ஒட்டியிருப்பதால், மவுஸை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் விளிம்பில் முட்டி நிற்கும். அந்த மெல்லிய பட்டை மேல்நோக்கி எல்லையில்லாத உயரம் உள்ளதுபோல நடந்துகொள்ளும். அதை வடிவமைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது.

அதோடு, இரண்டையும் எதிரிகளாகப் பார்ப்பதே பிற்காலத்துப் பழக்கம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை முதன்முதலாகப் பொதுமேடையில் காட்டியபோது அவர் வலது கை மவுஸில், இடது கை ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகையில். பியானோ கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல விசைகளைச் சேர்த்து அழுத்தி ஆணைகள் கொடுத்தார். வலது கை இடத்தைச் சொல்லும், இடது கை செயலைச் சொல்லும். அந்தச் சிறு பலகை காணாமல் போய்விட்டது என்பார்கள். இசட், எக்ஸ், சி, வி நாலும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கீழ் வரிசையில் இடது ஓரத்தில், கமாண்டில் கட்டைவிரல் இருக்கும்போது மற்ற விரல்கள் விழும் இடத்தில். வலது கை மவுஸால் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்க, இடது கை வெட்ட, வலது கை வேறிடத்தைச் சுட்ட, இடது கை ஒட்ட. கை எங்கும் போய்த் திரும்பவில்லை, இரண்டு 0.4 நொடிகளும் மிச்சம். எங்கல்பார்ட் மேடையில் செய்ததைத்தான் நாம் தினமும் செய்துகொண்டிருக்கிறோம்.

போன மாதம் நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நோட்டுப் புத்தகம். "பத்தியோட கடைசிச் சொல்லுக்கு இப்பத் தாவினீங்களே, அதுக்கு எதை அமுக்கினீங்க?" என்றார். வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. அவசரமாக மேசையின் மேல் இடது கையை வைத்து, வெறும் மரத்தில் ஒரு முறை தட்டி, எந்த விரல் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. பிறகு அவருடைய மடிக்கணினியில் அதைச் செய்து காட்டப் போனேன். கேப்ஸ் லாக் அவரிடம் கேப்ஸ் லாக்காகவே இருந்தது. அவர் பாதி எழுதி வைத்திருந்த அஞ்சலின் மீதி வரி முழுக்கப் பெரிய எழுத்தில் வந்து விழுந்தது.